ஊருக்குப் படம் காட்டுவது
(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இவ்வூர் வாலிபர்கள் கூலி யாதொன்றும் பெறாமல், வாரம் ஒரு நாள் பொதுக் கட்டடத்தில் சினிமாப் படம் காட்டி வருகிறார்கள் என்று கேட்டு மிகவும் மகிழ்ச்சியுடன் வந்தோம். ஆனால் சற்று முன் காப்பி சாப்பிடும்போது ஒரு தோழர் சொன்ன சங்கதி நமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. முதல் வாரம் இடம் கொள்ளாத கூட்டமாம்; ஐந்தாம் வாரம் இருபது பேராம். ஆகவே, "இந்த ஜனங்களுக்கு ரசனையே கிடையாது, அடிதடிப் படந்தான் இவர்களுக்கு லாயக்கு, இல்லாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான்" என்றார். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைப் பற்றியேதான் இன்று பேசப் போகிறோம்.

பாமரனுக்கு இது போதும் என்கிற பேச்சு நமக்குப் புதிதா? படிப்பு விஷயத்தில் நம் தாத்தாவிடம் சொன்னார்கள். ஓட்டு விஷயத்தில் நம் அப்பனிடம் சொன்னார்கள். படம் விற்கிற முதலாளி சொன்னால் அவனுக்காவது அதில் லாபமிருக்கிறது. தொண்டு செய்ய வந்த வாலிபர் சொல்லுவதற்கு என்ன முகாந்தரம் என்று கேட்கின்றோம்.

கன்னட நாட்டில் ஷிமோகா ஜில்லா, சாகர் தாலுகாவில் ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர். பாக்குத் தோட்டம் வைத்துப் பிழைக்கிறவர்களின் ஊர். அங்கு 1949-ல் கே.வி. சுப்பண்ணாவும் மற்றவர்களும் ஒரு நாடகச் சங்கம் வைத்தார்கள். நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்று பெயர். சுருக்கி நீநாசம் என்பார்கள். (இந்தப் பெயரைக் கேட்டதும் முன்வரிசைத் தோழர் முகம் சுளிக்கிறார். பெயரில் நமக்கும் சம்மதமில்லை, காரியத்தைப் பார்ப்போம்.) 1973-ல் இச்சங்கத்தாரே ஒரு சினிமாச் சங்கமும் வைத்து, அதுவரை பட்டணத்துப் படித்த கூட்டம் மாத்திரம் பார்த்துப் பெருமையடித்துக்கொண்டிருந்த உலகப் படங்களை அக்கிராமத்திலேயே காட்டத் தொடங்கினார்கள். காட்டியதோடு விட்டார்களா? படத்தை எப்படிப் பார்ப்பது என்று வகுப்பு வைத்தார்கள். பூனா பிலிம் இன்ஸ்டிட்யூட் பேராசிரியர் சதீஷ் பகதூர் போன்றவர்கள் வந்து பாடம் சொன்னார்கள். 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கொடுத்தபோது, கர்னாடகக் கிராமங்களுக்கு நாடகத்தையும் உலகத்தின் நல்ல படங்களையும் கொண்டுபோனதையே காரணமாகச் சொன்னார்கள். சுப்பண்ணா 2005-ல் காலமானார். சங்கம் இன்றும் நடக்கிறது. அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ன வேறு மூளை படைத்தவர்களா?

நிற்க. நமது சொந்தத் தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் சில தோழர்களும் ஒரு சிற்றூரில் உங்களைப் போலவே படம் காட்ட ஆரம்பித்தோம். 1948-ல் இத்தாலியில் டிசிகா எடுத்த "சைக்கிள் திருடர்கள்" படத்தைப் போட்டோம். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் களையெடுத்துவிட்டு வந்தவர்கள். அரை மணியில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிரவு நாமும், இந்தத் தோழர் சொன்னதையேதான் சொன்னோம்!

மறுமாதம் அதே படத்தைத் திரும்பப் போட்டோம். இம்முறை முன்கூட்டிக் கதையைச் சொல்லிவிட்டு, படம் ஓடும்போது ஒரு பெண் தோழர் ஒலிபெருக்கியில் சுருக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வேலைக்கு வேண்டிய சைக்கிளை மீட்பதற்காக மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை உருவி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். அண்டா குண்டா அடகு வைத்த தாய்மார்கள் கூட்டத்திலிருந்து ஒரு சத்தமில்லை. பிறகு சைக்கிள் திருட்டுப் போகிறது. குறிகாரியிடம் போனதற்காக மனைவியைக் கேலி செய்த அதே மனிதன், வேறு வழி தெரியாமல் தானே அந்தக் குறிகாரியிடம் போய் நிற்கிறான். அவளோ, கிடைத்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்கவே கிடைக்காது என்கிறாள்! கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நாம் இருபது வருஷம் மேடையில் கத்தியும் அந்தச் சிரிப்பை வரவழைக்க முடிந்ததில்லை. எவனோ இத்தாலிக்காரனின் கஷ்டம் இவர்களுக்குப் புரிந்தது. புரியாமலிருந்தது நமக்குத்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். "இலவசம், யாவரும் வரலாம்" என்று பலகை போட்டிருந்தோம். முன்னால் நன்கொடை கொடுத்தவர்களுக்கு நாற்காலி, பின்னால் மற்றவர்களுக்குத் தரை. ஆதிதிராவிடத் தோழர்கள் வந்தார்கள். ஆனால் மதிலுக்கு வெளியே நின்றே பார்த்தார்கள். உள்ளே வாருங்கள் என்றால் "இருக்கட்டும்" என்றார்கள். பலகையில் எழுதிவிட்டால் தீர்ந்ததா? எங்கே உட்காருவது என்பதை அந்த நாற்காலிகளல்லவா சொல்லிக்கொண்டிருந்தன! அடுத்த வாரம் நாற்காலிகளை எடுத்து அறையில் பூட்டி, மண்டபம் முழுதும் ஜமுக்காளம் விரித்து, அவர்கள் தெருவுக்கே போய் வீடு வீடாக அழைத்தோம். வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் மாத்திரம் சுவரோரம் பெஞ்சு. பெரிய மனிதர்கள் இருவர் வருவதையும் நிறுத்தினார்கள், பணத்தையும் நிறுத்தினார்கள். கரண்டு பில்லுக்குக்கூடத் திண்டாடினோம். பிறகு ஆளுக்குப் பத்து ரூபாய் என்று உண்டியல் சுற்றி வந்தபோது, அந்த இருவர் கொடுத்ததைவிட அதிகமாகவே சேர்ந்தது.

எனவே தோழர்களே, உங்கள் இருபது பேரில் யார் யார் இல்லை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இந்தக் கூட்டத்தில் நாற்காலியில் இருப்பவர்கள் யார், வாசற்படியில் நிற்பவர்கள் யார் என்பதை நாம் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தொண்டர்களில் பெண் ஒருவர்கூட இல்லையே, ஏன்? மிஷின் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்கிறீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் படமில்லை. இன்னும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அதில் இருவர் பெண்களாயிருக்கட்டும். வரவு செலவை வாசலிலே எழுதி ஒட்டுங்கள். படத்துக்கு உரிமைக்காரனிடம் முறைப்படி அனுமதி வாங்குங்கள். நம் நாட்டுப் படம் வெளிவந்து 60 ஆண்டு கழிந்துவிட்டால் சட்டப்படி அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அடிதடிப் படமும் போடுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நாமும் பார்ப்போம்.

வருகிற சனிக்கிழமை அந்தச் சைக்கிள் படத்தையே போடுவதாயிருந்தால், கதை சொல்ல அதே பெண் தோழரை அழைத்து வருகிறோம். ஜமுக்காளம் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று மாத்திரம் சொல்லியனுப்புங்கள். போதாததை நாம் கொண்டுவருகிறோம்.