கோட்டாவில் வந்தவள் பேசுகிறேன்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எனக்குத் தந்த தலைப்பு "மருத்துவத் துறையில் எமது மாணவியர்". பெயர்ப் பட்டியலும் தந்தார்கள். அதைப் படிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பட்டியலில் என் பெயர் எப்படி ஏறியது என்பதைச் சொல்லாமல் படிப்பது சரியாகப் படவில்லை. ஆகவே தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

நான் மருத்துவ பீடத்துக்கு மாவட்டக் கோட்டாவில் எடுபட்டவள். நான் பெற்ற அதே புள்ளிகளோடு கொழும்பிலிருந்து விண்ணப்பித்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திராது. இதைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

1991 இல் தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது என்னிடம் விடுகைப் பத்திரம்கூட இல்லை. அப்போதைய அதிபர் ஒரு கொப்பியைத் தந்து, "ஊரைப் பற்றிப் பத்து வசனம் எழுது" என்றார். எழுதினேன். ஆறாம் வகுப்பில் இருத்திவிட்டார்கள். 1995 ஒக்ரோபரில் பாடசாலையே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் அலுமாரிகள் இருந்தன, போத்தல்கள் இருந்தன, போத்தல்களுக்குள் ஒன்றுமில்லை. உயர்தர வகுப்பில் நியமிப்புச் செய்முறையை எங்கள் இரசாயன ரீச்சர் ஒரேயொரு தரம் செய்து காட்டினார். இருந்த அமிலம் அவ்வளவுக்குத்தான் காணும். வகுப்பு முழுவதும் ஒரே வாசிப்பைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். இரவில் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். இதெல்லாம் உங்களில் பலருக்குப் புதிதல்ல. எங்கள் வயதுக்காரர் எல்லோரிடமும் ஒரு ஜாம் போத்தல் கதை இருக்கும்.

1998 இல் உயர்தரம் எழுதினேன். தெரிவுக் கடிதம் வந்ததும் ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன். தேத்தண்ணி தந்தார். பிறகு, அதுவரை எங்களில் ஒருத்திக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் இதே பாடசாலையிலிருந்து 1970 இல் உயர்தரம் எழுதியவர். அந்தத் தொகுதிக்குத்தான் முதன்முதலில் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். மருத்துவத்துக்கு மொத்தம் 400 இல், சிங்கள மொழிமூலம் எழுதியவர்களுக்கு 229. தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது ரீச்சருடைய புள்ளி. அவர் விஞ்ஞான பீடத்துக்குப் போனார், பிறகு எங்களிடம் வந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் கோட்டாவிலதான் ரீச்சர்" என்றேன்.

"எனக்கு அண்டைக்கு மொழி. உனக்கு இண்டைக்கு மாவட்டம். ரெண்டையும் ஒண்டாக்கிக் கதையாதை, பிள்ளை" என்றார்.

அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை.

அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது. எங்கள் வீடுகளில் தரப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுவோம். 1970 இல் செய்ததற்கு நியாயம் தேட முடியாது. ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. எழுதிய மொழிக்காகப் பிள்ளை கூடுதலாக 21 புள்ளி எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு தலைமுறை அதை மறக்கவில்லை, அதன் விலையை நாடே கொடுத்தது. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டின் கதை வேறு. அதில் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து கொழும்பும் இழந்தது. மன்னார், வன்னி, மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு முதற்தடவையாகக் கதவு திறந்தது. அதுவரை விஞ்ஞானக் கல்வி பெரும்பாலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குவிந்து கிடந்தது என்பதை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல் கட்டணத்தை எடுத்துவிட்டது. பௌதிக ஆசிரியரை ஊரூராகக் கொண்டுபோய் இருத்த அதனால் முடியவில்லை.

மொழிவாரிக் கணக்கு 1977 இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. மாவட்டம் நிலைத்தது. பல ஆண்டுகளாக மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தகுதிப்படி, 55 இடம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு, 5 இடம் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு. ஒரு காலத்தில் ஒதுக்கீட்டால் இழந்த யாழ்ப்பாணம் அந்தப் பதினாறுக்குள் ஒன்றாக வந்து நின்றது. யுத்தம் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது. நான் படித்து டொக்டரானது அந்தக் கணக்கால்.

2001 இலிருந்து இசட் புள்ளி. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, புள்ளிகளின் பரம்பலை வைத்து அளந்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பார்கள். இலகுவான பாடம் எடுத்தவர், கடினமான பாடம் எடுத்தவர் என்ற வேறுபாட்டைச் சமன்செய்வதற்கு அது நல்ல முறைதான். 2011 இல் பழைய பாடத்திட்டத்துக்கும் புதியதற்கும் சேர்த்துக் கணக்கிட்டதை உயர்நீதிமன்றம் மறு ஆண்டு இரத்துச் செய்த கதை உங்களுக்கு ஞாபகமிருக்கும். இப்போது நான்கு தசம தானத்தில் பிள்ளைகளின் தலைவிதி எழுதப்படுகிறது. ஆனால் அந்தத் தசமங்களுக்குள், பிள்ளையின் பாடசாலையில் ஆய்வுகூடம் திறந்திருந்ததா என்பது இல்லை.

அண்மையில் என் கிளினிக்குக்கு ஒரு தாய் மகளைக் கூட்டிவந்தார். ஓயாத தலையிடி, நித்திரையில்லை. எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். பிள்ளை மூன்றாம் தடவை, அதாவது கடைசித் தடவை, உயர்தரம் எழுதப் போகிறாள். சனி, ஞாயிறு விடியப் படகேறி, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்கு வருகிறாள். காலைச் சாப்பாடு இல்லை. "செய்முறை எல்லாம் செய்திருக்கிறியளோ?" என்று கேட்டேன். "படத்தில பார்த்திருக்கிறன், டொக்டர்" என்றாள். ஸ்கான் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். அது எந்த மருத்துவப் புத்தகத்திலும் உள்ள சிகிச்சைதான், ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்டுப்புள்ளிக் கணக்கில் அந்தப் பிள்ளையும் எங்கள் பாடசாலைப் பிள்ளையும் ஒன்று. இருவரும் யாழ்ப்பாண மாவட்டம். கொழும்பு வனாத்தமுல்லைப் பிள்ளையும் கறுவாத்தோட்டத்துப் பிள்ளையும் ஒரு மாவட்டம். நுவரெலியாவில் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு மட்டுமல்ல, வெட்டுப்புள்ளி குறைவென்று வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்படும் பிள்ளைகளோடும் போட்டியிட வேண்டும். அது மலையகத்தாரின் நெடுநாள் முறைப்பாடு. அப்படிச் சேர்ப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். என் உறவினர் ஒருவரே, "மகனை அங்கே விட்டால் என்ன?" என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். நான் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

மாவட்டத்தை விட்டுப் பாடசாலையை அலகாக எடுக்கலாமா, பிரதேச செயலகப் பிரிவை எடுக்கலாமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் இங்கிருந்து அதை மாற்றப் போவதில்லை. ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தின் திறப்பு எங்களிடம் இருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, சிட்னி கிளைகள் அனுப்பிய பணத்தில் அது இன்று வெகு நேர்த்தியாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை எடுத்து, சனிக்கிழமைகளில் தீவகத்துப் பாடசாலைகளின் விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கு அந்த ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். மாணவர் விடுதியில் பத்துக் கட்டிலை வார இறுதிக்கு அவர்களுக்கு ஒதுக்குங்கள். காலைச் சாப்பாடு கட்டாயம். அதை மருத்துவராகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் பல்கலைக்கழகம் எடுபட்ட பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் பணப்பரிசைக் கொஞ்சம் குறைத்தாலும் செலவில் பாதி வந்துவிடும். அவர்கள் ஏற்கெனவே எடுபட்டுவிட்டார்கள்.

இதை நிருவாகக் குழுவில் சொன்னபோது ஒரு அக்கா நியாயமான கேள்வி கேட்டார்: "அந்தப் பிள்ளையள் வந்து படிச்சு முந்தினா, அதே மாவட்ட இடத்தை எங்கட பிள்ளையல்லோ இழக்கும்?" ஆம், இழக்கலாம். மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்கள் கூடப்போவதில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி கடைசி இடத்தை அரைத் தசமத்தால் தவறவிடலாம். அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் வாக்குக் கேட்கமாட்டேன்.

என் மகள் இங்கேதான் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், அடுத்த ஆண்டு பரீட்சை. அவளிடம் கேட்டேன். "பக்கத்தில நிண்டு செய்முறை செய்யட்டும், எனக்கொண்டுமில்லை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மா, என்னை முந்துவினமோ?" என்றாள். "முந்தலாம்" என்றேன். அன்றிரவு அவள் வழமையைவிடக் கூட நேரம் படித்தாள். நானும் நித்திரை கொள்ளவில்லை.

பௌதிகவியலுக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை சம்மதித்திருக்கிறார். இரசாயனத்துக்கு முன்வரிசையிலிருந்து தலையாட்டல் கிடைத்துவிட்டது. உயிரியலை நானும் என்னோடு படித்த இருவரும் பார்த்துக்கொள்வோம். சமையலுக்கும் குறிகாட்டுவான் பஸ்ஸில் கூட்டிவருவதற்கும் ஆட்கள் தேவை. இடைவேளையில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நிற்பேன். பெயரையும் எந்தச் சனிக்கிழமை வசதி என்பதையும் எழுதிவிட்டு வடை எடுங்கள்.