சாலை எப்போது முடிகிறது?



சாலை அமைத்து, அதன் இருமருங்கும் நிழல்மரம் நட்டு, வழிப்போக்கர் இளைப்பாறச் சத்திரம் கட்டுவதை நம் முன்னோர் அறமாகப் போற்றினர். வணிகரிடம் சுங்கம் பெறும் வழக்கமும் அக்காலத்திலேயே இருந்தது. அதை நீக்கிய முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் நினைவில் வைத்தனர். இன்றோ சுங்கமின்றிப் பெருஞ்சாலை அமைவது அரிது. ஆகவே, நாம் செலுத்தும் சுங்கம் எதற்கு, அச்சாலை எவ்வாறு உருவாகிறது, அது எப்போது முடிந்ததாகக் கொள்ளத்தகும் என்பவற்றை அறிந்துகொள்வது நன்று. பெங்களூரில் வாழும் நம்மில் பலர் பயணம் செய்துள்ள மைசூர் விரைவுச்சாலையையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, சுமார் 8,480 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்தது. நடுவே விரைந்து செல்லும் வண்டிகளுக்கு ஆறு தடங்கள். இருபுறமும் ஊர்மக்களுக்கெனச் சேவைச் சாலைகள். பிடதி, மத்தூர், மண்டியா முதலிய ஊர்களின் நெரிசலைத் தவிர்க்கப் புறவழிகளும் உண்டு. 2023 மார்ச் 12 அன்று பிரதமர் மண்டியாவில் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூன்று மணி நேரப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

இத்தகைய பணியின் முதற்படி திட்ட அறிக்கை. நாள்தோறும் எத்தனை வண்டிகள் செல்கின்றன, மண்ணின் தன்மை யாது, மழைநீர் எத்திசையில் ஓடுகிறது, எவ்வூரார் தம் வயலுக்கு எவ்வழியே போகின்றனர் என்பனவற்றையெல்லாம் கணக்கெடுத்தல் வேண்டும். இரண்டாம் படி நிலம். 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, இழப்பீடு வழங்கி அதனைப் பெறுகின்றனர். நிலம் வருமுன் வேலையைத் தொடங்கினால், ஆட்களும் இயந்திரங்களும் வாளாவிருக்கச் செலவு மட்டுமே வளரும். 

மூன்றாம் படி பணம். 2018இல் இரு பகுதிகளாக ஒப்பந்தம் அளிக்கப்பட்ட இச்சாலையில், கட்டும் காலத்துச் செலவில் 40 விழுக்காட்டை அரசு தருகிறது. எஞ்சியதை ஒப்பந்த நிறுவனம் கடனாகவும் சொந்த முதலாகவும் திரட்டுகிறது. சாலை அமைந்தபின் அத்தொகை 15 ஆண்டுகளில் தவணைகளாக அதற்குத் திரும்புகிறது. அக்காலம் முழுவதும் சாலையைப் பேணும் பொறுப்பும் அதனுடையதே. சுங்கப் பணமோ நிறுவனத்துக்கன்றி அரசின் பக்கமே செல்கிறது. இம்முறையில் 80 விழுக்காடு நிலம் கிடைத்த பின்னரே ஒப்பந்தக் காலம் எண்ணப்படும் என்பது ஒரு நல்ல ஏற்பாடு.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எமக்கு, இத்தகைய ஒப்பந்தங்களில் வரும் 'நிறைவு' என்னும் சொல் சிந்தனை தருவதுண்டு. அதற்கு இரு நிலைகள் உள்ளன. பெரும்பகுதி வேலை முடிந்து, வண்டிகள் அபாயமின்றிச் செல்லலாம் என்று சார்பற்ற பொறியாளர் கருதினால், தற்காலிகச் சான்றிதழ் வழங்குகிறார். எஞ்சிய சிறு வேலைகள் ஒரு பட்டியலில் சேர்கின்றன. அவையும் முடிந்த பின்னரே இறுதிச் சான்றிதழ். முதல் நிலையிலேயே சாலையைத் திறக்கலாம். பெரும்பணம் முடங்கிக் கிடக்க, சில மரக்கன்றுகள் நடப்படவில்லை என்பதற்காகச் சாலையை மூடிவைத்தல் அறிவுடைமையன்று. ஆனால் அந்தப் பட்டியலில் எவை சேரலாம், எவை சேரலாகாது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

திறப்பு விழாவுக்குப்பின் இரண்டாம் நாளிலேயே பெங்களூர்ப் பகுதியில் சுங்கம் தொடங்கியது. சேவைச் சாலைகள் முற்றுப்பெறவில்லையே என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே வாரத்தில் பெய்த மழையில் ராமநகரத்தருகே சாலையில் நீர் தேங்கியது. அருகிலிருந்த ஊர்மக்கள் குறுக்குவழி வேண்டி வடிகாலை மண்ணிட்டு நிரப்பியதே காரணம் என்று தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் விளக்கியது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆயினும் உழவர் ஒருவர் வடிகாலில் மண் கொட்டுவது எதனால்? வேறு வழி இல்லை, அல்லது இருக்கும் வழி நெடுஞ்சுற்று என்பதனால் அன்றோ? திட்ட அறிக்கையில் ஒரு வண்டிப்பாதை விடுபட்டால், அது எஞ்சிய வேலைகளின் பட்டியலிலும் தோன்றாது; மழைநாளில் வெள்ளமாகவே தோன்றும்.

வெள்ளம் வடிந்துவிடும், போன உயிர் மீளாது. சாலை திறந்த சில மாதங்களில் விபத்துகளில் பலர் மாண்டனர். 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் ஆகியன நடுத்தடங்களில் செல்வது தடைசெய்யப்பட்டது. வேகத்தைக் கண்காணிக்கும் காமிராக்கள் வந்தன. மக்கள் குறுக்கே கடப்பதற்கான நடைமேம்பாலங்கள் பலவும் திறப்பு விழாவுக்குப் பின்னரே திட்டமிடப்பட்டன. தடை நியாயமானதே. ஆனால் தடுக்கப்பட்டவர் செல்லும் வழி எது? சேவைச் சாலையே. காரில் செல்வோர்க்கு அது ஓரத்துச் சாலை. பால்காரர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுவே சாலை.

ஆகவே, மழைநீர் ஓடும் வழி, நடப்பவர் கடக்கும் வழி, மெதுவாகச் செல்லும் வண்டிக்குரிய வழி ஆகிய இம்மூன்றும் எஞ்சிய வேலைகளின் பட்டியலில் சேரலாகாது. மரம் நடுதலும் வண்ணம் தீட்டுதலும் காத்திருக்கலாம். இவை மூன்றும் அமையாத சாலை, எத்தனை வண்டிகள் ஓடினாலும், முடிந்த சாலையன்று.

இது மைசூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஓசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலான சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்மில் பலரை ஊருக்கு அழைத்துச் செல்லவேண்டிய வழி அது. எத்தனை மணி நேரத்தில் சென்னை சேரலாம் என்று நாம் கேட்பது இயல்பே. அவ்வழியோரத்து உழவர் எத்தனை நிமிடத்தில் தம் வயல் சேர்கிறார் என்பதையும் உடன் கேட்போமாக. சுங்கம் செலுத்துவோர்க்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.