லஞ்சம் கேட்டால் ரெக்கார்டு பண்ணலாமா? சட்டம் என்ன சொல்லுது?

பெரம்பூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்:



2008 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? தலைமைச் செயலாளர் திரிபாதியும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநர் உபாத்யாயும் போனில் பேசினது ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. கோட்டையே ஆடிப்போச்சு. ஓய்வுபெற்ற நீதிபதி சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் போட்டாங்க. அந்தத் துறையோட ஊழியர் ஒருத்தரைக் கைது பண்ணாங்க. 2017-ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தலைமைச் செயலாளர் பேச்சே வெளியே வருதுன்னா, சாமானியன் கதி என்னங்க? அதனால சட்டத்தை நாம தெரிஞ்சுக்கணும். இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

ஒண்ணு, நாம பேசுறதை மூணாவது ஆள் ஒட்டுக்கேட்பது. இது அந்தரங்க உரிமை மீதான தாக்குதல்னு 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமா இருக்கணும், உள்துறைச் செயலாளரோட உத்தரவும் வேணும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு லஞ்ச வழக்கில் இதையே அழுத்திச் சொன்னார். குற்றத்தைக் கண்டுபிடிக்கணும்னு சொல்லிக்கூட இஷ்டத்துக்கு ஒட்டுக்கேட்க முடியாதுன்னு, 2011-ல் மத்திய உள்துறை போட்ட உத்தரவையே ரத்து பண்ணார்.

ரெண்டாவது, உங்ககிட்ட ஒருத்தர் பேசுறதை நீங்களே பதிவு பண்றது. பம்பாயில் மல்கானின்னு ஒரு அதிகாரி டாக்டர்கிட்ட லஞ்சம் கேட்டார். எதிர்முனையில் பேசினவர் சம்மதத்தோட போலீஸ் அந்த போன் பேச்சைப் பதிவு செய்தது. அது செல்லும்னு 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

புரியுதுங்களா? அடுத்தவன் பேச்சை ஒளிஞ்சு கேட்டா குற்றம். உங்ககிட்டயே லஞ்சம் கேட்ட குரலை நீங்க பதிவு பண்ணா அது சாட்சி.

பட்டாவுக்கோ, வாரிசுச் சான்றிதழுக்கோ, ஈ.பி. கனெக்ஷனுக்கோ யாராவது போன்ல காசு கேட்டா, தாய்மார்களே, இதைச் செய்யுங்க. பதிவை வெட்டாதீங்க, ஒட்டாதீங்க. பதிவான அந்த போனையே பத்திரமா வைங்க. கோர்ட்டுக்குப் போனா மின்னணு ஆவணத்துக்கான சான்றும் வேணும். வாட்ஸ்அப் குரூப்ல போடுறதுக்கு முன்னாடி லஞ்ச ஒழிப்புத் துறையில எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. இன்னொண்ணு: 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம். கட்டாயத்தால கொடுத்திருந்தா, 7 நாளுக்குள்ள புகார் செய்யணும். அப்பத்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

நல்லா வேலை செய்ற அதிகாரி இந்தப் பதிவுக்குப் பயப்பட வேண்டியதே இல்ல. பயப்படுறவன் யாருன்னு உங்களுக்கே தெரியும்!



படிச்ச சொந்தங்கள், ஆபீஸ் படியேறி அலையுற ஒருத்தருக்காவது இதைப் பகிருங்கள்.