இடியன் துவக்கும் பயிர்க்காவலும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் செய்கைபண்ணும் உங்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்துவிட்டால், மூன்று மாத உழைப்பு விடியுமுன் மண்ணோடு மண்ணாகிவிடும். உறுதியான வேலியும் விழிப்பான காவலுமே இதற்கு முதன்மையான பரிகாரங்கள். ஆயினும் அவற்றுக்குத் துணையாக அனுமதிப்பத்திரம் பெற்ற இடியன் துவக்கை வைத்திருப்போரும், அதனைப் புதிதாகக் கையாளத் தொடங்குவோரும் உங்களிடையே உளர். அவர்களுக்காகவே இன்று பேச வந்தேன்.

முதலிற் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். பத்திரம் எவர் பெயரில் உள்ளதோ அவரே துவக்கைக் கையாளலாம். மகனிடமோ அயலவரிடமோ இரவல் கொடுத்தல் ஆகாது. வெடிமருந்தை வீட்டிற் செய்வதும் சட்டவிரோதம், உயிருக்கும் கேடு. வனசீவராசிகளுள் எவை பாதுகாக்கப்பட்டவை என்பதை உரிய அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ளுங்கள். யானை வந்தாற் சுட நினையாதீர்கள், அலுவலருக்கு அறிவியுங்கள்.

குழலின் வாய் வழியாக மருந்தையும் சன்னத்தையும் இட்டுக் கோலால் இடித்து நிரப்புவதாலேயே இதற்கு இடியன் எனப் பெயர் வழங்குகிறது. தோட்டாத் துவக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே தோட்டா உண்டா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். இடியனிலோ உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. இதனால் விளையும் கேட்டை நான் நேரிற் கண்டவன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரியப்பாவுடன் காவற்பரணுக்குப் போவது வழக்கம். ஒரு நாள் மாலை அவர் இல்லாத வேளையில், பலமுறை பார்த்துப் பழகிய துணிவில், துவக்கிற் மருந்திட்டு இடித்து வைத்தேன். தூறல் விழுந்தது, பன்றி வரவில்லை. துவக்கைப் பரணின் மூலையிற் சார்த்திவிட்டு வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் இரவு பெரியப்பா அதனைக் கையிலெடுத்து, "தம்பி, இதுக்குள்ளே மருந்து கிடக்குதோ?" என்று கேட்டார். தொடக்கூடாததைத் தொட்டேன் என்று ஏசுவாரே என அஞ்சி, "இல்லை, பெரியப்பா" என்றேன். அவர் அதன்மேல் இன்னொரு முறை மருந்திட்டார். சுட்டபோது குழல் பிளந்தது. அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. பின்னர் அக்குழலைப் பார்த்த கொல்லர், அதன் உட்புறம் துருவால் அரிக்கப்பட்டிருந்ததையும் எங்களுக்குக் காட்டினார். இரட்டை மருந்து ஒன்று, கழுவாத குழல் மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கும் வழியே இன்றைய உரையின் பொருள்.

முதலாவது, இடிகோலிற் குறியிடுதல். வெறுங்குழலிற் கோலை அடிவரை விட்டு, குழல்வாய்க்கு நேரே கோலில் ஒரு வெட்டுக்குறி இடுங்கள். முறையான அளவு மருந்தும் அடைப்பும் சன்னமும் இட்டபின் இரண்டாவது குறி இடுங்கள். பின்னர் எந்நேரத்திலும் கோலை உள்ளே விட்டுப் பார்த்தால், குழல் வெறுமையா, நிரம்பியதா, இருமுறை நிரம்பியதா என்பதைக் கோலே சொல்லிவிடும். துவக்கைக் கையிலெடுத்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை இதுவே. இன்னொருவர் வாய்ச்சொல்லை, அது பிள்ளையின் சொல்லாயினும், நம்பவேண்டாம்.

இரண்டாவது, மருந்திடும் முறை. இடியனுக்குரியது கருமருந்து ஒன்றே. தோட்டாக்களிலுள்ள புகையில்லா மருந்தை எடுத்து இதில் இட்டால் அழுத்தம் பன்மடங்காகிக் குழல் பிளக்கும். எவ்வளவு இடவேண்டும் என்பது துவக்குக்குத் துவக்கு வேறுபடும். ஆதலால் அறிந்த துவக்குத் தொழிலாளரிடம் துவக்கைக் காட்டி அளவை உறுதிசெய்து, அதற்கென ஒரு சிறு அளவுக்குப்பியை வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுள் ஊற்றுதல் கூடாது. முன்னைய வெடியின் கனல் உள்ளே எஞ்சியிருந்தாற் குடுவை முழுவதுமே கையில் வெடித்துவிடும். அளவுக்குப்பியில் இருப்பதோ ஒரு வெடிக்குரியது மாத்திரமே.

முதலில் மருந்து, பின் அடைப்பு, பின் சன்னம், அதன்மேல் மெல்லிய அடைப்பு: இதுவே ஒழுங்கு. மருந்துக்கும் அடைப்புக்கும் இடையே வெற்றிடம் விடாது இறுக்கமாக அமர்த்துங்கள். இடைவெளி விட்டாற் குழல் அவ்விடத்திற் புடைத்துப் பழுதாகும். இடிக்கும்போது முகத்தையோ உள்ளங்கையையோ குழல்வாய்க்கு நேரே வைக்கலாகாது. கோலை விரல்களாற் சிறிது சிறிதாகப் பிடித்துத் தள்ளுங்கள். நீளப் பிடித்தால் மரக்கோல் முறிந்து கையிற் பாயும். தீமூட்டும் செப்புத் தொப்பியை எல்லாவற்றுக்கும் இறுதியாக, சுடுமிடத்தில் நின்ற பின்னரே மாட்டுங்கள்.

மூன்றாவது, வெடியாத துவக்கு. குதிரை விழுந்தும் வெடிக்கவில்லையாயின் துவக்கைக் கீழிறக்காதீர்கள். மருந்து தாமதித்துத் தீப்பற்றுவதும் உண்டு. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி ஒரு முழு நிமிடம் பொறுத்திருங்கள். பின்னர் புதிய தொப்பி மாட்டி முயலுங்கள். அதன் பின்னும் வெடியாவிடின் தொப்பியை அகற்றி, அதன் துளைவழியாக நீர் ஊற்றி மருந்தை நனையுங்கள். நனைந்த மருந்து தீப்பற்றாது. எஞ்சியதை அறிந்தவர் கையால் எடுப்பியுங்கள். அதுவரை துவக்கைப் பரணில் விட்டுவிட்டு வருதல் ஒருபோதும் ஆகாது.

நான்காவது, சுடப் பழகுதல். முதல் நாள் மருந்தே வேண்டாம். வெறுந்துவக்கில் தொப்பியை மட்டும் மாட்டி, குழல்வாயைத் தரையிலுள்ள புல்லிதழுக்கு அருகே பிடித்துச் சுடுங்கள். புல் அசைந்தால் துளை அடைப்பின்றி உள்ளது என அறியலாம். குழலில் எஞ்சிய எண்ணெயும் அதனால் நீங்கும். அடுத்து, உயர்ந்த மண்மேட்டின் முன் பெரியதொரு கடதாசியை நிறுத்தி 25 மீற்றரிலிருந்து சுட்டுப் பாருங்கள். சன்னங்கள் எவ்வளவு பரவுகின்றன என்பதைக் கடதாசியே காட்டும். அப்பரவலை அறியாதவர் தூரத்துப் பன்றியைச் சுட்டாற் காயப்படுத்துவாரேயன்றி வீழ்த்தமாட்டார். இத்துவக்கிற் குதிரை விழுந்த பின்னும் வெடி சற்றுத் தாமதித்தே வரும். ஆகவே விசையை இழுத்தவுடன் தலையை நிமிர்த்தாது, வெடித்து முடியும்வரை குறியை விடாது பிடித்திருங்கள். கண்ணாடியும் காதடைப்பும் அணிவது நன்று.

எல்லாவற்றிலும் மேலானது, இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிதல். இருளில் அசைவதெல்லாம் பன்றியன்று. அயற்காணிக்காரரும் உங்களைப் போலவே காவலுக்கு வந்திருப்பார். விளக்கொளியில் விலங்கைத் தெளிவாகக் கண்டாலன்றி விசையிற் விரல் வைக்காதீர்கள். இதனாலேயே கட்டுத்துவக்கை முற்றாக ஒழிக்கவேண்டும். சட்டத்தாற் தடுக்கப்பட்ட அப்பொறிக்குக் கண் இல்லை. பன்றியென்றும் விறகு பொறுக்க வந்த மனிதனென்றும் அது அறியாது.

ஐந்தாவது, கழுவுதல். கருமருந்து எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்டது திண்மப் பொருளாக எஞ்சுகிறது. ஒரு பகுதி புகையோடு போக, மற்றது உப்புக் கசடாகக் குழலில் ஒட்டிக்கொள்ளும். அக்கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாரிகாலத்தில் ஓரிரவிலேயே துருப்பிடித்துவிடும். ஒரு வெடி வைத்தாலும் அன்றைக்கே கழுவவேண்டும். எண்ணெய் மட்டும் பூசினால் உப்பு கரையாது. நீரே அதனைக் கரைக்கும். துவக்கு வெறுமை என்பதைக் கோலால் உறுதிசெய்து, தொப்பி மாட்டும் உறுப்பைக் கழற்றுங்கள். கொதிநீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்து, கோலின் நுனியிற் சுற்றிய சீலையால், சீலை வெள்ளையாக வரும்வரை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். இறுதியாக வெறுங்கொதிநீர் விட்டால் குழல் சூடேறித் தானே உலரும். உலர்ந்த சீலையால் துடைத்து, பின்னரே மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைச் சீலையை விட்டுப் பாருங்கள். செந்நிறம் காணின் மீண்டும் கழுவுங்கள். அடுத்தமுறை மருந்திடுமுன் எண்ணெயைத் துடைத்தெடுக்க மறவாதீர்கள்.

நிறைவாக, நினைவிற் கொள்ளவேண்டியவை:

1. கையிலெடுத்தவுடன் கோல்விட்டுப் பாருங்கள்.
2. கருமருந்தன்றி வேறு மருந்து இடாதீர்கள், அளவை மீறாதீர்கள்.
3. மருந்திட்ட துவக்கை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். காவல் முடியுமுன் மண்மேட்டிற் சுட்டு வெறுமையாக்குங்கள்.
4. சுட்ட அன்றே கழுவுங்கள்.
5. துவக்கையும் மருந்தையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். மருந்தினருகே விளக்கோ பீடியோ வேண்டாம்.

பெற்றோருக்கு மேலும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை துவக்கைத் தொட்டுவிட்டதாக வந்து சொன்னால், அவ்வேளையில் ஏசாதீர்கள். சொன்னதற்காக மெச்சுங்கள். என் பெரியப்பா அதன் பின்னும் பல ஆண்டுகள் மண்வெட்டி பிடித்தார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அன்று ஏச்சுக்கு அஞ்சாது உண்மையைச் சொல்லியிருப்பேனாயின், அவர் பத்து விரல்களாலும் அம்மண்வெட்டியைப் பிடித்திருப்பார்.