மருந்துப் பையை மறைக்காதீங்க

மேகமலை அடிவாரத்துச் சின்னமனூரில் திரண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற தாத்தாமார்களே, அப்பத்தாமார்களே!

பச்சிலையைப் பழிக்க வந்தவன் இல்லை நான். பழிக்கவும் விடமாட்டேன்! 1785-ல் இங்கிலாந்திலே வில்லியம் விதரிங் என்று ஒரு மருத்துவர் புத்தகம் போட்டார். ஷ்ராப்ஷயர் சீமையில் ஒரு கிழவி. உடம்பில் நீர் கோத்து வீங்கினவர்களுக்கு இருபதுக்குக் குறையாத மூலிகை போட்டுக் கஷாயம் கொடுப்பாள். வைத்தியர்கள் கைவிட்டவர்கள்கூட எழுந்து நடப்பார்கள். அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலை என்று விதரிங் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைக்கு நீங்கள் விழுங்குகிற டிஜாக்சின். விதரிங் பேர் நிற்கிறது. கிழவி பேர் எங்கே? புத்தகத்தில் இல்லை!

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இந்த மலையில் தேன் எடுத்து, கிழங்கு அகழ்ந்து, எந்த வேர் எதற்கு ஆகும் என்று காத்து வந்த பளியர் பாட்டிகள் எத்தனை பேர்! ஒருத்தி பேரையாவது நாம் எழுதி வைத்தோமா? நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பை இறக்கும் என்று 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் எழுதினார், உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒன்று. அதே விதரிங் அளவையும் எழுதினார். இலை கொஞ்சம் கூடினால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாய்த் தெரியும், நாடி தளரும், உயிரும் போகும். உயிர் கொடுத்த அதே இலைதான்!

அளவு மட்டும் இல்லை, எதோடு எது சேருகிறது என்பதையும் பார்க்கணும். அதிமதுரம் தொண்டைக்கு நல்லது. நீர் மாத்திரையும் டிஜாக்சினும் சாப்பிடுகிறவர் அதைத் தினமும் குடித்தால் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடம் புரளும். குழம்பில் போடுகிற பூண்டுக்கு நான் எதிரி இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் பூண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

இங்கேதான் சிலர் புகுந்து விளையாடுகிறார்கள். பேர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்! செல்போனைத் திறந்தால், "ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையைத் தூக்கிப் போடு, அடைப்பு கரையும்" என்கிறார்கள். அய்யா, இதய நோயைத் தீர்ப்பேன் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடுத்துவிட்டது! பாட்டிமார் காத்த அறிவைப் பாட்டிலில் அடைத்து, அவர்கள் பேரனிடமே விற்கிறவர்களுக்குப் பெயர் வைத்தியரா?

டாக்டர்மாருக்கும் ஒரு குறை சொல்வேன். கஷாயம் என்றாலே எரிந்து விழுகிறீர்கள். அதனால்தான் அப்பத்தா வாயைத் திறப்பதில்லை. முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

நெஞ்சு அடைத்தால் கஷாயம் கொதிக்கிற நேரம்கூட நமக்கு இல்லை. மலையில் இருப்பவர் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரணும். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அங்கே ஓடுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சூரணம், லேகியம், மருதம்பட்டைப் பொடி, மாத்திரை அத்தனையையும் ஒரே பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். சித்த மருத்துவரிடமும் அப்படியே காட்டுங்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன், செய்வீர்களா?