அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மும்மணிகளுள் நற்காட்சியை முதலில் வைத்தனர் ஆன்றோர். பொருளை உள்ளவாறு காணாதவனுடைய ஒழுக்கம் நல்லெண்ணம் உடையதாயினும் வழி தவறும் என்பது அதன் கருத்து. வீடுபேற்றுக்குச் சொன்ன இது, நோயைப் பற்றிய நம்பிக்கைகளுக்கும் பொருந்துவதைப் பொது நலவாழ்வு ஆய்வுகள் காட்டுகின்றன.

1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், நிர்மலா என்னும் மாணவி இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அயல்நாட்டார் நோய் என்று ஒதுக்கியிருந்தவர்கள் திடுக்கிட்டனர். கிருமியினும் விரைவாகப் பரவியது அச்சம். தொட்டால் தொற்றும், ஒரே கலத்தில் உண்டால் தொற்றும், கொசு கடித்தால் தொற்றும் என்றனர்.

இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. பாலுறவு, இரத்தம், ஒருவர்க்கு இட்ட ஊசியைப் பிறர்க்கும் இடுதல், தாயிடமிருந்து சேய்க்கு என இவ்வழிகளிலேயே அது பரவும். கொசுவின் உடலில் அக்கிருமி பெருகுவதில்லை. கடிக்கும் கொசு தன் உமிழ்நீரைச் செலுத்துமேயன்றி, முன்பு உறிஞ்சிய இரத்தத்தைச் செலுத்துவதில்லை. எனினும் தேசியக் குடும்பநல ஆய்வு, கொசுக்கடியையும் உணவைப் பகிர்தலையும் பற்றி மக்களிடம் கேட்டு வந்திருக்கிறது. பிழையான நம்பிக்கைக்கு விலை உண்டு என்பதே காரணம். நோயுற்றவர்க்குத் தனித்தட்டு வைக்கும் வீட்டைக் கண்டவர், தமக்கு ஐயம் வந்தாலும் சோதனைக்குச் செல்ல அஞ்சுவார். சோதிக்காதவர்க்கு மருந்து இல்லை. அறியாமலே அவர் பிறர்க்கும் நோயைத் தருவார்.

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தோடு அபய தானத்தையும் வைத்த சமயம் இது. அஞ்சினான் புகலிடம் என்று இடம் அமைத்த மரபினர்க்குத் தனித்தட்டு அழகன்று.

இனி மறுபுறம். அஞ்ச வேண்டாத தொடுகைக்கு அஞ்சுபவர், அஞ்ச வேண்டிய புகையைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை.

ஜப்பானில் தக்கேஷி ஹிராயாமா என்னும் ஆய்வாளர், நாற்பதும் அதற்கு மேலும் அகவையுடைய, புகைபிடிக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முடிவு 1981-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. நாள்தோறும் இருபது சிகரெட்டும் அதற்கு மேலும் புகைத்த கணவரின் மனைவியர், நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ இரு மடங்கு. குறைவாகப் புகைத்தவரின் மனைவியர்க்கு அதனினும் குறைவு; புகைக்காதவரின் மனைவியர்க்கு எல்லாரினும் குறைவு. படிப்படியாக ஏறும் இவ்வொழுங்கே ஆய்வின் வலிமை. புகையிலைத் தொழில் அதைப் பழித்து விளம்பரங்கள் வெளியிட்டது. அத்தொழிலாரின் அறிஞர்களே ஹிராயாமா சொன்னது சரி என்று கருதியதை, பின்னாளில் வெளிப்பட்ட உள்ஆவணங்கள் காட்டின. அறியாமையை மன்னிக்கலாம், இதற்கு என்ன பெயரிடுவது?

புகைப்பவர் தம் மனைவியைக் கொல்ல எண்ணுவதில்லை, உண்மைதான். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, அதில் சேர்த்தே கூறுகிறது. நீரை வடிகட்டிப் பருகி, இரவில் உண்ணாது, கண்ணுக்குத் தெரியாத உயிரையும் காக்க முயலும் இல்லங்களிலும் திண்ணையில் பீடி புகைவதுண்டு, சொல்லத்தான் வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தலும் அடுத்த அறையில் புகைத்தலும் போதிய காப்பு அல்ல. புகை சுவரைச் சுற்றி வரும். குழந்தையின் ஆடையிலும் படியும். தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு இல்லை.

பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடைசெய்யும் விதிகள் 2008-ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளன்று நடைமுறைக்கு வந்தன. பேருந்து நிலையத்திலும் அலுவலகத்திலும் அவை காக்கும். வீட்டு வாசற்படியோடு அவை நின்றுவிடுகின்றன. ஹிராயாமா கணக்கிட்ட அந்த மனைவியரைப் பிரித்துக் காட்டியது அவரவர் கணவரின் பழக்கம் ஒன்றே.