திண்ணைக்கு வந்த செய்தி



தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் திண்ணை என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் உரிய இடமன்று. வழிப்போக்கர் உத்தரவு கேளாமலே அங்கு அமரலாம். பொழுது சாய்ந்தால் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம். விடிந்ததும் சொல்லாமலே போகலாம். ஆயினும் அந்தத் திண்ணையில் எல்லாரும் ஏறிவிட முடிந்ததில்லை. வந்தவர் எந்தத் தெருவினர் என்பது தெரிந்த பிறகே திண்ணையா, வாசலா, தெருக்கோடியா என்பது முடிவாயிற்று. முன்பின் அறியாதவரிடம் வீடு வீடாகச் சென்று கிறித்தவ நற்செய்தியைச் சொன்னவர்களின் கதை இந்தத் திண்ணையோடு பிணைந்தது. அக்கதையின் பெருமையும் அங்கே இருக்கிறது. காயமும் அங்கே இருக்கிறது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் வாசலுக்கு வந்தவரைப் பற்றியே சொல்கிறார்கள். ஒரு சாராருக்கு அவர் தொண்டர். மற்றொரு சாராருக்கு அவர் மதம் மாற்ற வந்தவர். கதவுக்கு உள்ளே இருந்தவர் என்ன மறுமொழி சொன்னார், அதைக் கேட்டு வந்தவர் என்ன ஆனார் என்பதை இரு சாராரும் அதிகம் விசாரிப்பதில்லை. இலக்கிய வட்டமொன்றில் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அறியாத ஒருவரிடம் ஒரு சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கவிஞரின் தொழிலும் அல்லவா?

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர்கள் டேனியரின் துறைமுகமான தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சொல்ல வந்த செய்தி நெஞ்சில் இருந்தது. சொல்வதற்கு நாவில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. முதிய ஆசிரியர் ஒருவரைத் தேடி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார்கள். சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து சீகன்பால்கு மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஊருக்கு உபதேசிக்க வந்தவர் ஊர்ப் பிள்ளைகளின் வரிசையில் கடைசி மாணாக்கராக உட்கார்ந்த அந்தக் காட்சியை, அவர் பின்னாளில் அச்சேற்றிய நூல்களைவிடப் பெரிதாக மதிக்கலாம். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை ஒன்று எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இடம்பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் உண்டு.

அவர் குறையற்றவர் அல்லர். தொடக்கக் காலத்தில் தரங்கம்பாடிக்கு அருகே கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்களை உடைத்தார். உடைத்ததைத் தாமே எழுதியும் வைத்தார். அங்கு வந்த ஊரார் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று அவருக்கு விளக்க முயன்றார். உடைப்பது எளிது, என்ன உடைந்தது என்று அறிவதற்குக் காலம் வேண்டியிருந்தது. பிறகு அவர் ஊர் ஊராகச் சென்று மக்களோடு பேசியதையெல்லாம், அவர்கள் எதிர்த்துச் சொன்னவை உட்பட, எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றுள் முப்பத்து நான்கு உரையாடல்கள் 1719இல் லண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்தன. 1712 முதல் 1714 வரை தமிழரிடம் வினாக்களை அனுப்பி எழுத்தில் விடைகள் பெற்று, அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பிய கடிதத் தொகுதியும் உண்டு. அந்த விடைகளில் முகமன் குறைவு. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், மது அருந்துகிறீர்கள், உடல் தூய்மை பேணுவதில்லை, பிறகு உங்கள் வேதத்தை எப்படி மதிப்பது என்ற பொருளில் தமிழர் எழுதினார்கள். வாசலில் வாங்கிய வசையை மொழிபெயர்த்துத் தம் மேலிடத்துக்கே அனுப்பிவைத்தவர் வேறு எத்தனை பேர் இருப்பார்கள்!

1713இல் அவர் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஐயனாரும் மாரியம்மனும் அதில் தத்தம் இடத்தில் நிற்கிறார்கள். ஹாலே நகரத்துத் தலைவரான பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கா என்பது அவர் கேள்வி. நூல் 1867இல் சென்னையில் அச்சேறியது. ஆசிரியர் மறைந்து அப்போது 148 ஆண்டுகள் ஆகியிருந்தன. திண்ணையில் அமர்ந்து கேட்டவர் கற்றதைத் திண்ணையையே பாராதவர் நெடுங்காலம் பூட்டி வைத்திருந்தார்.

ஆனால் நடந்த கால்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கால்கள் அல்ல. உபதேசியார் என்று அழைக்கப்பட்ட தமிழரின் கால்கள். அவர்களில் மறக்கக்கூடாதவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணி செய்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. படித்தவர் படையை விட்டு உபதேசியாரானார். அன்னியர் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீடு தேடிச் சென்று போதித்தார். அவரைவிடத் திறமையான உபதேசியார் அப்போது இல்லை என்பது மிஷனரிமாரே ஒப்புக்கொண்டது. 1733இல் ஆரோன் என்பவர் குருவாக அபிடேகம் பெற்றார், அவர் வேளாளர். இராஜநாயக்கனுக்கு அப்பேறு வாய்க்கவே இல்லை. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்கச் சபையிலுள்ள உயர்சாதியார் இசையமாட்டார்கள் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். தயங்கியே காலம் போயிற்று. எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்ற செய்தியை வாசல்தோறும் சுமந்தவர் தம் சொந்தச் சபையின் படியில் நிறுத்தப்பட்டார். இலக்கிய வரலாறுகளில் சீகன்பால்குவுக்குப் பக்கங்கள் உண்டு. இராஜநாயக்கனுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

திண்ணை ஆண்களுக்கு உரியது. அதைத் தாண்டி ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லைப்புறம் என்று விரியும் பெண்களின் உலகத்துக்குள் அன்னிய ஆடவர் எவரும் நுழைய முடியாது. அங்கே போனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட தமிழ்ப் பெண்கள். பலர் கைம்பெண்கள். வேதத்தை வாசித்துக் காட்டியதோடு, கேட்க விரும்பிய பெண்களுக்கு அரிச்சுவடியும் கற்பித்தார்கள். கரண்டி பிடித்த கையில் எழுத்தாணியோ பலகைக் குச்சியோ ஏறிய அந்தப் பிற்பகல்கள் எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எழுத்தைப் பெற்றுக்கொண்டு மதத்தை மறுத்த பெண்களும் மிகப் பலர். அதை அந்த உபதேசப் பெண்கள் தோல்வி என்று கருதியிருக்கக்கூடும். தமிழ் படிப்போர் அவ்வாறு கருத வேண்டியதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழுவில் பொன்னம்மாள் என்பவர் இருந்தார். ஒரு நாள் சிறுமி ஒருத்தி, பெரியவளானதும் இந்தக் குழுவில் சேர்ந்து பொன்னம்மாள் அக்காளைப் போல நகை அணியப் போவதாகச் சொன்னது அவர் காதில் விழுந்தது. எதைச் சொல்ல வந்தோம், கேட்பவர் எதைப் பார்த்தார் என்பது ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. பொன்னம்மாள் தம் நகைகளைக் கழற்றினார். ஒரு தமிழ்ப் பெண் வெறுங் கழுத்தோடு தெருவில் நடப்பது அக்காலத்தில் எத்தகைய அவமானம் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. சொல்லைவிடச் சொல்பவரின் கோலம் முந்திப் பேசிவிடுகிறது. மேடையில் கவிதை படிப்போருக்கும் இது பொருந்தும்!

அந்த வண்டிப் பயணங்களைப் பற்றி ஏமி எழுதிய நூல் 1903இல் வெளிவந்தது. அதற்கு முன் அந்தக் கையெழுத்துப் பிரதி இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்திருந்தது. ஊக்கமூட்டுவதாக இல்லை, மாற்றி எழுதுக என்பது திருப்பியவர்களின் கருத்து. சாத்திய கதவுகளையும் சலித்த முகங்களையும் அவர் உள்ளபடியே எழுதியிருந்தார். மாற்ற மறுத்துவிட்டார். அந்நூலின் எல்லா மதிப்பீடுகளோடும் உடன்பட முடியாது. இந்து வீடுகளை அது இருட்டாகவே பார்க்கிறது. ஆனால் சாத்திய கதவைச் சாத்திய கதவு என்று எழுதிய நேர்மைக்காக அதைப் படிக்கலாம்.

கதவைச் சாத்தும் உரிமையும் தட்டும் உரிமையும் நாட்டின் சட்டத்திலும் எதிரெதிரே நின்றன. மதத்தைப் 'பரப்பும்' உரிமை அரசியல் சட்டத்தில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் நடந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறித்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றும் கூறினார். சொல் நிலைத்தது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கப்பட்டது. தட்டுவது எங்கே முடிகிறது, நெருக்குவது எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு வாசலிலும் அங்கங்கே நிற்கும் இருவருக்கே தெரியும்.

வாசலில் நின்று எந்தச் சொல்லால் கடவுளை அழைப்பது? இந்தச் சங்கடம் தமிழ் விவிலியத்தின் பக்கங்களில் தழும்பாகப் பதிந்திருக்கிறது. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் காலத்தில் அது 'பராபரன்' ஆயிற்று. 1871இன் மொழிபெயர்ப்பில் 'தேவன்'. 1995இன் பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. ஒவ்வொரு சொல்லும் கேட்பவரின் வீட்டில் முன்பே குடியிருந்த சொல். புதிய பொருளைச் சொல்லவும் வீட்டுக்காரரிடமே சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அறியாதவர் ஒருவர் வீடு தேடி வந்து வாழ்வைப் பற்றிச் சொல்வதற்குத் தமிழில் முன்பே ஓர் இலக்கிய வடிவம் இருந்தது. அதுதான் குறவஞ்சி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஐ ஒட்டி இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் அந்த வடிவத்தையே எடுத்தாண்டார். மலைநாட்டுக் குறத்தி ஞானக் குறத்தியானாள். தலைவி திருச்சபையின் உருவமானாள். மிஷனரிமாரின் பிரசங்கங்கள் எட்டாத காதுகளுக்கு இது எட்டியது. குறத்தி உபதேசியாரைப் போலத் தன் செய்தியிலிருந்து தொடங்குவதில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். முதலில் அவள் எதிரே இருப்பவளின் கையை வாங்கிப் பார்க்கிறாள், அவள் நெஞ்சில் இருப்பதை அவளுக்கே சொல்கிறாள், பிறகுதான் மற்றதெல்லாம்.

இதே சாஸ்திரியார், பின்வந்த மிஷனரிமார் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதியவர். அவரும் வேளாளர். திருவிருந்தில் தனியிடம் வேண்டிய அதே கவிஞரின் குறவஞ்சியில், காட்டிலிருந்து வந்த குறத்தி நேரே வீட்டுக்குள் சென்று தலைவியின் கையைப் பற்றுகிறாள். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அங்கே அவளை யாரும் கேட்கவில்லை.